பாட்டு இங்கிலீசும் டொரத்தியின் சின்னச் சொற்களும்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது மூன்று பேரை, வளர்த்தது ஐந்து பேரை. மற்ற இரண்டும் என் தங்கச்சியின் பிள்ளைகள். அவள் குவைத்துக்கு வேலைக்குப் போனபோது ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலுமாகக் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். ஐந்து பேரும் இன்றைக்குத் தங்கள் காலில் நிற்கிறார்கள். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவளுக்கு இங்கிலீசு ஒரு பயம் இல்லை. பால் குடிக்கிற பிள்ளை எந்தப் பாசையில் அழுகிறது? அதையே விளங்கி நடந்தவள் நான்.

விடுதிக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். கல்லடிக் கடற்கரையில் இந்த விடுதி தொடங்கிய நாளிலிருந்து போன வருசம் வரை நான் அங்கே வேலை செய்தேன். அறை துடைத்தேன், படுக்கை விரித்தேன், பிறகு எல்லா அறைகளுக்கும் பொறுப்பாக இருந்தேன். பள்ளிக்கூடம் எனக்கு இரண்டாம் வகுப்போடு முடிந்தது. என் பெயரை எழுதுவேன். பஸ்ஸின் நெற்றியில் போட்டிருக்கிற ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இதையும் நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் எழுதுகிறாள். ஆனால் நான் இங்கிலீசு கதைப்பேன். புத்தக இங்கிலீசு இல்லை, வந்தவர்களுக்கு விளங்குகிற இங்கிலீசு.

போன கிழமை விடுதி முதலாளி என் வீட்டுக்கு வந்திருந்தார். புதிதாக வந்த பிள்ளைகளில் ஒருத்தி, இங்கிலீசு தெரியாது என்று அழுதுகொண்டு தன் ஊர் குருக்கள்மடத்துக்கே திரும்பிப் போகப் பார்க்கிறாளாம்.

"நீங்க எப்பிடிப் பழகின எண்டு ஒருக்காச் சொல்லுங்க மாமி. நான் சொன்னா அதுகள் கேக்காதுகள்."

"நீங்க சொன்னா நானே கேட்டதில்ல" என்றேன். சிரித்தார். அதனால் சொல்கிறேன். அவசரம் இல்லாதவர்கள் இருந்து கேளுங்கள்.

விடுதியின் சாப்பாட்டுக் கொட்டில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. அதன் தூணில் அந்த நாளிலேயே ஒரு ஸ்பீக்கர் கட்டியிருந்தது. காலையில் முட்டை பொரிக்கிற நேரம் தொடங்கி, கதிரைகளை அடுக்குகிற நேரம் வரைக்கும் இங்கிலீசுப் பாட்டுத்தான். முதலாளியிடம் இருந்த பாட்டுகள் கொஞ்சம். அவைதான் சுற்றிச் சுற்றி வரும். தொடக்கத்தில் எனக்கு அது தகரத்தில் மழை பெய்கிற சத்தம். கொஞ்சக் காலம் போக, எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு வரும் என்று தெரிந்தது. அதற்கும் பிறகு கூட்டுகிற தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு நானும் சேர்ந்து பாடினேன், பொருள் தெரியாமலே.

பொருள் தெரியாமல் பாடுவது எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் புதிது இல்லை. வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறந்து காவியம் படிக்கிற நாட்களில் நான் சின்னப் பிள்ளையாக இருந்து கேட்டிருக்கிறேன். அதில் பாதிச் சொல் எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அம்மன் கோபத்தோடு வருகிற இடம் எது, மனம் குளிர்கிற இடம் எது என்று எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவாள். அந்த இடம் வந்தால் உடம்பு தானாக நிமிரும். இங்கிலீசுப் பாட்டையும் நான் அப்படித்தான் பிடித்தேன். சொல் சொல்லாகப் பிய்க்கவில்லை. ஒரு வரியை முழுசாக, அது நடக்கிற இடத்தோடு சேர்த்துப் பிடித்தேன்.

இடத்தைச் சொல்லித் தர ஒருவன் இருந்தான். வெள்ளி, சனி பின்னேரங்களில் கிட்டாரோடு பாட வருகிற தம்பி. பறங்கிக் குடும்பத்துப் பிள்ளை. பகலில் தச்சு வேலை, பின்னேரம் பாட்டு. என்னை விட இருபது வயதுக்கு மேல் இளையவன், ஆனாலும் இங்கிலீசில் எனக்கு அவன்தான் வாத்தியார். பாடுகிற நாட்களில் மத்தியானமே வந்து சாப்பிட்டுவிட்டு, பாட்டைப் பழகிப் பார்ப்பான். அந்த நேரம் நான் துவாய்களை மடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன்.

"இந்த வரியில அவன் என்ன சொல்லுறான் தம்பி?"

"அதக் கேக்காதீங்க அக்கா. ஆருக்குச் சொல்லுறான், எங்க நிண்டு சொல்லுறான், அதக் கேளுங்க. மறுகா பொருள் தானா வரும்."

ஒரு பாட்டில் ஒருத்தன் ரயில் நிலையத்தில் நிற்கிறான். பெண்சாதிக்குக் கோபம், வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அவன் பெட்டி மேலே குந்திக்கொண்டு "டேக் யோ டைம்" என்று பாடுகிறான். நீ ஆறுதலாக வா, நான் இங்கேதான் இருக்கிறேன் என்கிற மாதிரி. அடுத்த நாள் முழங்கால் நோவோடு படி ஏறிக்கொண்டிருந்த ஒரு கிழவருக்குப் பக்கத்தில் நின்று "டேக் யோ டைம், சேர்" என்றேன். அவர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று, என்னைப் பார்த்து, தலையைச் சாய்த்து நன்றி சொன்னார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இன்னொரு பாட்டில் தோட்டத்து ஆட்கள் பொழுது சாய மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு "கோல் இட் எ டே" என்று பாடுவார்கள். இன்றைக்கு இது போதும், மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம் என்று. அதைக் கொண்டுபோய்ச் சமையலறையில் விட்டேன். அங்கே காத்தான்குடியில் இருந்து வருகிற ராத்தா ஒருவர் இருந்தார். வெங்காயக் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு, அல்லாவையும் கூப்பிட்டுக்கொண்டு "கோல் இட் எ டே, புள்ளயள்" என்று எழும்புவார். அது எங்கள் சமையலறையில் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. நீங்களும் சொல்கிறீர்கள் என்று கேள்வி.

இனி, சிரிக்க ஒன்று. ஒல்லாந்துக்காரப் புருசன் பெண்சாதி இரண்டு பேர் ஒரு மாதம் தங்கியிருந்தார்கள். தங்கமான சனம். போகிற அன்றைக்கு எனக்கு மனம் நிறைய இருந்தது, வாயில் சொல் இல்லை. ஒரு காதல் பாட்டில், போகிறவளைப் பார்த்து ஒருவன் பாடுகிற வரி நினைவு வந்தது. அந்தப் புருசனைப் பார்த்து, "யூ ஆர் டேக்கிங் மை ஹாட் இன் யோ சூட்கேஸ்" என்றேன். என் இதயத்தை உங்கள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகிறீர்கள் என்று. பாவம், அந்த மனிதர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். பெண்சாதி விழுந்து விழுந்து சிரித்தார். அப்படியென்றால் விமானத்தில் பாரம் கூடிப்போகும், தனியாகக் காசு கட்ட வேண்டும் என்றார். கட்டிப்பிடித்துவிட்டுத்தான் விடுதி வான் வண்டியில் ஏறினார்.

பின்னேரம் தம்பியிடம் சொன்னேன். கிட்டாரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தான்.

"அக்கா, பாட்டெண்டா பெருக்கித்தான் சொல்லும். ஒரு கிழமை காணாட்டி செத்துப் போவன் எண்டுவான். ஆரும் சாகிறதில்ல. நீங்க கேட்டுட்டுக் கொஞ்சம் கழிச்சுப் போடணும்."

கழிக்கிறது எனக்குச் சட்டென்று விளங்கியது. எங்கள் ஒப்பாரியும் அதுதானே. என் பெரிய மாமி சாவீட்டில் "கட்டையில எனக்கும் இடம் விடு, நானும் கூட வாறன்" என்று நெஞ்சில் அடித்துப் பாடுவார். பாடி முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போனதா என்று கேட்பார். அதில் பொய் இல்லை. பாட்டில் துக்கத்துக்கு அந்த அளவு, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நான் கழிக்கத் தொடங்கினேன். வெள்ளைக்காரர் ஒருவர் வெயிலில் இருந்து வந்து பசியில் சாகிறேன் என்றால், அரை மணித்தியாலத்தில் சோறு. வெக்கையில் உருகிப் போனேன் என்றால், ஒரு தேசிக்காய்த் தண்ணி. பாட்டில் கேட்ட சொல்லை எடுப்பேன், கழிப்பேன், மிச்சத்துக்கு வேண்டியதைச் செய்வேன். ஒரு நாளும் பிழை வரவில்லை. எனக்கு அதில் பெருமையும் இருந்தது, ஒளிப்பானேன்.

இனித்தான் டொரத்தி.

இங்கிலாந்தில் ஏதோ சின்ன ஊர். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வெடுத்தவர். என் வயதுதான். புருசன் செத்த பிறகு தனியாகவே ஊர் ஊராகப் போகிறவர். பச்சைத் துணித் தொப்பி ஒன்று, சாப்பிடும்போதும் கழற்றுவதில்லை. இங்கே வந்து நாலைந்து நாளிலேயே நானும் அவரும் சிநேகிதம். அவருக்குப் பிடித்த பாட்டு ஒன்று இருந்தது. கடலுக்குப் போன ஒருவன் வீட்டுக்குத் திரும்புகிற பாட்டு. "கீப் த கெட்டில் வோம் ஃபோ மீ, ஐ ஆம் கமிங் ரவுண்ட் த பே." கேத்தல் ஆறாமல் பார்த்துக்கொள், வளைகுடாவைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன் என்று. ஒரே மூச்சில் பாட வேண்டிய நீளமான வரி. தம்பி அதைப் பழகத் தொடங்கினால், கொட்டிலைப் பார்த்த மேல்மாடி அறையில் டொரத்தி சன்னல் கட்டையில் மோதிரத்தால் தாளம் போடுவார். டக், டக் என்று கீழே எங்களுக்குக் கேட்கும். தம்பி நிமிர்ந்து பார்த்துக் கும்பிடுவான்.

ஒரு நாள் வான் வண்டியில் வாகரைப் பக்கம் போய், நாள் முழுக்க வெயிலில் சுற்றிவிட்டு வந்தார். அடுத்த நாள் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கவில்லை. அப்போது வேலைக்கு வந்து இரண்டொரு மாதமே ஆகியிருந்த வினோவை அனுப்பினேன். இப்போது உங்களுக்குப் பொறுப்பாக இருக்கிறாளே, அவளேதான். போய்க் கதவில் தட்டிவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னா புள்ள?"

"'எ பிட் அண்டர் த வெதர்' எண்டா மாமி. ஒண்டும் பெரிசு பண்ண வேணாமாம்."

எனக்கு அந்தச் சொல் தெரியும். முதல் நாள் கூடக் குடித்த ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு பாடுகிற பாட்டில் வருகிறது. உடம்புக்குக் கொஞ்சம் முடியவில்லை என்று பொருள். நடுவில் விசிலடிக்கிறான், கடைசியில் எழும்பி ஆடுகிறான். கழிக்கக்கூட வேண்டியதில்லை, அவ்வளவு சின்ன உடல் வருத்தம். நேற்றைய வெயில்தான் என்று நினைத்து, மல்லி அவித்து வினோவிடம் கொடுத்துவிட்டேன். பொருளில் நான் பிழைவிடவில்லை, பிள்ளைகளே. பொருள் சரி. அளவைத்தான் பாட்டில் இருந்து எடுத்தேன்.

மத்தியானமும் அவர் இறங்கவில்லை. வினோ போனபோது கதவில் அந்த மட்டை தொங்கியிருக்கிறது, தொந்தரவு செய்ய வேண்டாம் என்கிற மட்டை. "குட் பி வேர்ஸ்" என்று உள்ளே இருந்து சத்தம் வந்ததாம். இதைவிட மோசமாக இருக்கலாமே என்கிறார், அப்படியென்றால் பரவாயில்லை என்றுதானே நினைப்போம்.

தம்பி வந்தான், சாப்பிட்டான், கிட்டாரை எடுத்தான். சும்மா ஒன்றிரண்டு பாடிவிட்டுக் கேத்தல் பாட்டுக்கு வந்தான். முதல் வரி முடிந்தது. மேலே சத்தம் இல்லை. நிறுத்தி, திரும்பத் தொடங்கினான். அப்போதும் இல்லை.

"எங்க அக்கா, உங்கட கூட்டாளி ஊர் சுத்தவோ?"

"அறையிலதான் இரிக்கிறா" என்று சொல்லிக்கொண்டே எழும்பிவிட்டேன்.

படியடியில் முதலாளி நின்றார். முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முந்தின மாதம், மட்டை தொங்கிய கதவைத் திறந்துகொண்டு வினோ உள்ளே போய்விட்டாள் என்று ஒருவர் இன்டர்நெட்டில் எழுதி, ஒரேயொரு நட்சத்திரம் போட்டிருந்தார். அதைப் பார்த்து வர இருந்தவர்களும் வரவில்லை. இன்னொரு முறை இப்படி யாரும் எழுதினால் வினோவை வைத்திருக்க ஏலாது என்று முதலாளி சொல்லியிருந்தார். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"மாமி, கதவில மட்டை தொங்குது. போன மாசம் பட்டது காணாதா? அவ தானே சொல்லுறா ஒண்டுமில்லையெண்டு."

"கதவுக்கு வெளியால நிண்டு கேட்டுட்டு வாறன்" என்று ஏறினேன்.

தட்டினேன். "டொரத்தி?"

சத்தம் வரச் சுணங்கியது. வந்தபோது மெல்லியதாக வந்தது. "ஐ ஆம் ஃபைன், டியர். சோ சொறி டு பி எ நியூசன்ஸ்." நான் நல்லாயிருக்கிறேன், உங்களுக்கெல்லாம் தொல்லை கொடுக்கிறேனே, மன்னித்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

சாவிக் கொத்து என் இடுப்பில்தான் இருந்தது. திறந்து, ஒன்றும் இல்லாமல் இருந்தால் வினோவும் நானும் சேர்ந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். திறக்காமல், ஏதும் இருந்தால்? கொத்தைக் கையில் எடுத்தேன். நீங்கள் நினைப்பீர்கள், அந்த நேரம் எனக்கு இங்கிலீசு கைகொடுத்தது என்று. இல்லை. என் மச்சாள்தான் நினைவுக்கு வந்தாள்.

மச்சாள் என்றால் என் அண்ணன் பெண்சாதி. அண்ணன் கடலில் போய்விட்டார். சாவீட்டில் நாங்கள் எல்லோரும் பாடி அழுதோம். நானும் வருகிறேன் என்று பாடியவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். மச்சாள் பாடவில்லை. வாசலில் நின்று "வந்த சனத்துக்குப் பாய் காணுமா?" என்று கேட்டாள். போதாவிட்டால் பக்கத்து வீட்டில் வாங்கட்டுமா என்று கேட்டாள். இவளுக்கு எவ்வளவு தைரியம் என்று பேசிக்கொண்டோம். பொழுது சாய்வதற்குள் கிணற்றடியில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து எழும்ப அவளுக்கு வெகு காலம் சென்றது. அதற்குப் பிறகு நான் எந்தச் சாவீட்டுக்குப் போனாலும், பாடுகிறவளைப் பார்ப்பதில்லை. பாய் காணுமா என்று கேட்கிறவளின் கையைத்தான் பிடிப்பேன்.

கதவடியில் நின்று நான் கேட்ட பாட்டையெல்லாம் மனதுக்குள் ஓடவிட்டேன். குடித்தவன் பாடியிருக்கிறான், ரயிலடியில் நின்றவன் பாடியிருக்கிறான், காதலி போனவன் பாடியிருக்கிறான். எனக்கு வருத்தம் வந்ததால் உனக்குத் தொல்லை, மன்னித்துக்கொள் என்று ஒருவரும் பாடவில்லை. அது பாட்டுக்குள் இருக்கிற சொல் இல்லை. அது பாய் காணுமா என்கிற சொல்.

திறந்தேன்.

டொரத்தி கட்டிலின் ஓரத்தில் இருந்தார். காற்றாடி சுற்றுகிறது, ஆனாலும் கழுத்தெல்லாம் வேர்வை. முகம் சாம்பல். ஒரு கை கழுத்துக்குக் கீழே நெஞ்சில் அமர்ந்திருந்தது. தொப்பி தரையில் கிடந்தது. அதை எடுக்க அவர் குனியவில்லை. மேசையில் மல்லித் தண்ணி வைத்தபடியே ஆறிப்போயிருந்தது.

"ஜஸ்ட் எ பிட் டைட்" என்றார், நெஞ்சைக் காட்டி. கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதாம். சட்டை இறுக்கம் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

நோகிறதா என்று கேட்டால் இல்லை என்பார். ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்றால் வேண்டாம் என்பார். காலையிலிருந்து மூன்று முறை கேட்டாயிற்று, மூன்று முறையும் சின்னச் சொல். சன்னலைத் திறந்தேன். கீழே தம்பி விடாமல் அதே பாட்டைத்தான் திருப்பிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்து அவர் கையைப் பிடித்தேன்.

"டொரத்தி, சிங். வன் லைன்."

ஒரு வரி பாடுங்கள் என்றேன். எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். ஆனால் மரியாதைக்காரர், மறுக்கவில்லை. "கீப் த…" என்றார். அதோடு நின்றது. மூச்சு இல்லை. திரும்பவும் "கீப்" என்றார். அதற்கு மேல் வரவில்லை. என்னைப் பார்த்தார். காலையிலிருந்து எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைத் தனக்கும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார் போல. அந்த வரி நடுவில் நின்றபோதுதான் அவருக்கே விளங்கியது.

ஆனாலும் தலையை ஆட்டினார். ஆரவாரம் வேண்டாம் என்றார். அந்த இடத்தில் நான் பாட்டில் இருந்து ஒரு பெரிய வரியை எடுத்திருக்கலாம். நீங்கள் வராவிட்டால் என் இதயம் வெடிக்கும் என்று. எடுக்கவில்லை. அவருடைய சொல்லையே எடுத்தேன்.

"ஹொஸ்பிட்டல். ஜஸ்ட் எ பிட்."

ஆஸ்பத்திரி, கொஞ்சமே கொஞ்சம். அவர் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "ஓல் ரைட். ஜஸ்ட் எ பிட், தென்" என்று கையைக் கொடுத்தார்.

வெளியே வந்து முதலாளியைக் கூப்பிட்டேன். பின்னால் ஏறி வந்து கதவோரம்தான் நின்றிருந்தார், பாடச் சொன்னதையும் கேட்டிருந்தார். வான் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினார். தம்பி கிட்டாரைப் போட்டுவிட்டு வந்து, டொரத்தியைக் கதிரையோடு தூக்கிப் படி இறக்கினான். தச்சன் கை, ஆடவில்லை. வினோ தொப்பியை எடுத்து வந்து தலையில் வைத்துவிட்டாள்.

பாலத்தில் வான் போகும்போது டொரத்தி என் தோளில் சாய்ந்தபடி வாவியைப் பார்த்தார். "லவ்லி வியூ" என்றார். இந்த நிலைமையில் வடிவாக இருக்கிறதாம். முன்னால் இருந்து முதலாளி கேட்டார், "என்ன சொல்லுறா மாமி?"

"சரியாக் கடுமையா இரிக்கி எண்டு சொல்லுறா. வேகமா விடுங்க."

ஆஸ்பத்திரியில் டொக்டர் வந்து நோவு எப்படி என்று கேட்டார். டொரத்தி "நொட் டூ பேட்" என்றார். அவ்வளவு மோசம் இல்லையாம். நான் குறுக்கே போனேன்.

"டொக்டர், அவ சொல்லுறதப் பெருக்கிக் கேளுங்க. விடியத் தொட்டுச் சாப்பிடல்ல. ஒரு வரி பாடச் சொன்னன், ரெண்டு சொல்லோட மூச்சு நிண்டு போயிற்று."

டொக்டர் சின்ன வயதுப் பெண்பிள்ளை. சிரிக்கவில்லை. "ரெண்டு சொல்லோடயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தாதியைக் கூப்பிட்டு, நெஞ்சில் வயர் ஒட்டுகிற மெசினைக் கொண்டுவரச் சொன்னார். அதற்குப் பிறகு எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். வாங்குப் பலகையில் முதலாளியும் நானும் இருந்தோம். வெகு நேரம் கழித்து அந்த டொக்டர் பிள்ளை வெளியே வந்தார். இதயத்துக்குப் போகிற குழாய் ஒன்று அடைத்திருந்தது, மருந்து கொடுத்திருக்கிறோம், பிழைத்துவிட்டார் என்றார். "இன்னும் சுணங்கியிருந்தா என்னால இப்பிடி வந்து சொல்ல ஏலாது, அம்மா" என்றார். முதலாளி முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் எழும்பிப் போய்த் தண்ணி குடித்தேன்.

டொரத்தியின் மகன் வந்து கொழும்புக்குக் கூட்டிப் போனார். அங்கே குழாயைச் சரிபண்ணி, ஊருக்குக் கொண்டுபோனார்கள். பிறகு ஒரு நாள் முதலாளி கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்தார். டொரத்தி விடுதியைப் பற்றி இன்டர்நெட்டில் எழுதியிருக்கிறார். சுத்தமான இடம், அன்பான ஆட்கள். எனக்கு ஒரு சிறு சிரமம் ஏற்பட்டது, பார்த்துக்கொண்டார்கள். மல்லித் தண்ணி மட்டும் ஆறிவிட்டிருந்தது. நாலு நட்சத்திரம்.

"பாத்தீங்களா மாமி, உசிரக் காப்பாத்தினதுக்கு நாலு. ஆறின தண்ணிக்கு ஒண்டக் கழிச்சுப் போட்டா."

"அவவுக்கு நாலெண்டா நமக்கு நாப்பது. நீங்க இன்னும் பழகல்ல" என்றேன்.

வினோ வேலையிலேயே இருந்தாள். அவளை நிறுத்துகிற கதையை முதலாளி பிறகு எடுக்கவே இல்லை.

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. பாட்டில் இங்கிலீசு பழகுங்கள். வெட்கப்படாமல் தும்புத்தடியோடு பாடுங்கள். ஒரு வரியை முழுசாகப் பிடியுங்கள், யார் யாருக்குச் சொல்கிறார் என்று பாருங்கள், நாவு தானாகத் திரும்பும். இப்போது ஸ்பீக்கரில் வருகிற பாட்டுகள் எனக்கு விளங்குவதில்லை, வேகம் கூட, ஆனால் உங்கள் காது இளசு. சொல்லைப் பாட்டில் எடுங்கள், பொருளைப் பாட்டில் எடுங்கள். வருத்தத்தின் அளவை மட்டும் பாட்டில் எடுக்காதீர்கள். அதற்குக் கதவடிக்குப் போங்கள், குரலைக் கேளுங்கள், கையைப் பிடியுங்கள். பெரிதாகச் சொல்கிறவருக்குச் சோறு கொடுங்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறவரின் கதவைத் திறவுங்கள். குருக்கள்மடத்துப் பிள்ளை, உனக்கும் சேர்த்துத்தான். உன் வீட்டில் யார் சின்னச் சொல் சொல்கிறவர் என்று உனக்குத் தெரியும். அது தெரிந்தால் இந்த வேலையில் பாதி தெரியும்.

டொரத்தி இப்போதும் என் பேத்தியின் கைத்தொலைபேசிக்கு அழைப்பு எடுப்பார், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில். அங்கே அவருக்குக் காலைத் தேத்தண்ணி, இங்கே எனக்குப் பின்னேரம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "மஸ்ட்ன்ட் கிரம்பிள்" என்பார். குறை சொல்லக் கூடாது, இருக்கிறேன் என்று. அதை நான் ஏற்பதில்லை. "சிங்" என்பேன். சிணுங்கிக்கொண்டே பாடுவார். கேத்தலில் தொடங்கி வளைகுடா வரைக்கும், நடுவில் மூச்சு எடுக்காமல் வர வேண்டும். வந்துவிட்டால் சரி, மற்றக் கதைகளைக் கதைப்போம். பிறகு அவர் என்னைப் பாடச் சொல்லுவார். நானும் பாடிக் காட்டுவேன். எனக்கும் எழுபத்து மூன்று. போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வளைகுடா வரைக்கும் போய் வந்தோம்.

இவ்வளவுதான். பேத்தி பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறுகிறாள். நோகிறதா என்று கேட்டேன், "கொஞ்சமாத்தான் அம்மம்மா" என்கிறாள். கையை இங்கே கொண்டுவரச் சொல்லிப் பிடித்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

இனி மற்றக் கையால கடதாசியப் பிடிச்சு, தொடக்கத்தில இருந்து வாசி புள்ள. ஆறுதலா வாசி. டொரத்தி சின்னதாச் சொன்ன இடத்தில நீ பெரிசா ஏதும் போட்டிரிந்தா, எனக்குக் காதில விழும்.